நரம்பு பழுக்காத பிள்ளை

ஏசுதாஸுக்கு சர்க்கார் கொடுத்த உத்தியோகத்தின் பெயர் வார்டு சிப்பந்தி. ஊர் கொடுத்த பெயர் புடி ஏசுதாஸ். சர்க்கார் வைத்தது காகிதத்தில் இருந்தது. ஊர் வைத்ததுதான் புழக்கத்தில் இருந்தது.

உத்திரமேரூரிலிருந்து இரண்டு கல் தள்ளி, ஏரிக்கரையை ஒட்டி, எட்டுக் கட்டில் போட்ட ஓட்டுக் கட்டடம்தான் ஆஸ்பத்திரி. தரை கழுவ, தண்ணீர் சேந்த, கஞ்சி வாங்கிவர, பிணம் தூக்க என்று ஏசுதாஸுக்கு அங்கே ஏகப்பட்ட வேலை. ஆனால் அவனுக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது ஒரே வேலைதான்: டாக்டர் ஊசி போடும்போது குழந்தைகளைப் பிடிப்பது. சிறு வயசிலிருந்து ஏற்றம் இறைத்த கை. ஒரு கையை முழங்காலிலும் ஒரு கையைத் தோளிலும் வைத்தான் என்றால், பிள்ளை கத்தலாம், காறித் துப்பலாம், அசைய மட்டும் முடியாது. பதினோரு வருஷத்தில் அவன் பிடியிலிருந்து நழுவியது ஒரே ஒரு பிள்ளை. அதுவும் விளக்கெண்ணெய் தடவிக் குளிப்பாட்டிய பிள்ளை.

மாகறல் வரைக்கும் அவன் புகழ் பரவியிருந்தது. "இந்தக் கூழக் குடிக்கிறியா, புடி ஏசுதாச இட்டாரட்டா?" என்று கேட்டுத்தான் அங்கே பாதி வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போனால் அவன் உட்கார்ந்த வரிசையில் ஒரு குழந்தையும் உட்காராது. பாதிரியார்கூட, "ஏசுதாஸ், நீ கொஞ்சம் கடைசியில் உட்கார்ந்தால் பிள்ளைகள் அழாமல் பிரசங்கம் காதில் விழும்" என்று சொல்லியிருந்தார்.

இதெல்லாம் அவன் மனசை வருத்தியதா என்றால், இல்லை. காரணம் டாக்டர் பாண்டுரங்கன்.

டாக்டர் பாண்டுரங்கன் கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை போடுகிறவர். அதன் மடிப்பில் காய்கறி நறுக்கலாம். வெற்றிலைக் கடைக்குப் போனாலும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கும். யாருக்காவது அங்கேயே மூச்சு நின்றுவிட்டால்? எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் "மருத்துவ சாஸ்திரம் என்ன சொல்கிறது என்றால்" என்றுதான் ஆரம்பிப்பார். தலைவலிக்கு வந்தவன் அந்த வாக்கியம் முடிவதற்குள் சரியாகிப் போனதும் உண்டு. அவர் சொன்ன சாஸ்திரங்களில் ஒன்றை ஏசுதாஸ் நெஞ்சில் எழுதி வைத்திருந்தான்: ஒரு வயசுக்குள் இருக்கும் பிள்ளைக்கு நரம்பு பழுத்திருக்காது, அதனால் வலி தெரியாது. கத்துவதெல்லாம் கோபம்.

"நரம்பு பயுக்கலமா அதுக்கு. வலிலாம் தெரியாது. சும்மா கோவத்துல கத்துது" என்று பதினோரு வருஷமாக அழுகிற தாய்மார்களிடம் சொல்லிக்கொண்டு வந்தான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது வேதவாக்கு ஆகிவிட்டது. ராத்திரி நன்றாகத் தூங்கினான்.

அறுபத்தொன்றாம் வருஷத்து வைகாசியில் அவனுடைய பிள்ளைக்கே வயிற்றாலும் வாயாலும் போக ஆரம்பித்தது.

பிள்ளை பெயர் சின்னராசு. பதினோரு மாசம். கீழே இரண்டு பல். வெயிலில் ஏரி வற்றி, அடிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்த வண்டலை வெட்டி வண்டியில் ஏற்றி நிலத்துக்கு அடிக்கிற காலம். ஏசுதாஸின் பெண்சாதி அம்முலு கூடை சுமக்கப் போயிருந்தாள். பிள்ளையைக் கருவேல மரத்தில் தூளி கட்டிப் போட்டிருந்தாள். பகல் சோற்று நேரத்தில் எவளோ கொஞ்சிக்கொண்டே அதன் வாயில் நுங்கைப் பிதுக்கி விட்டிருக்கிறாள். அந்த நுங்கில் அதற்கு முன்னால் ஏரியின் ஈ அத்தனையும் விருந்து சாப்பிட்டிருந்தன.

இரண்டு நாள், இரண்டு ராத்திரி. மாகறல் வைத்தியர் கஷாயம் கொடுத்தார். அம்முலு மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். பால் குடிக்கிற பிள்ளைக்கு நோவு வந்தால் மருந்து தாய்க்குத்தான்; தாய் குடித்தால் பால் வழியாகப் பிள்ளைக்கு இறங்கும். சின்னராசுவின் சளிக்கு, மாந்தத்துக்கு, பல் முளைத்த காய்ச்சலுக்கு எல்லாம் அவள்தான் குடித்திருக்கிறாள். கூடவே பத்தியம்: கருவாடு கூடாது, கத்திரிக்காய் கூடாது. கருவாடு இல்லாமல் கூழ் குடிப்பதைவிடக் கூழே குடிக்காமல் இருக்கலாம் என்பது அம்முலுவின் கட்சி. ஆனாலும் இருந்தாள். இந்தத் தடவை கஷாயம் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலை உச்சிக்குழி பள்ளம் விழுந்து, அழுதால் கண்ணில் நீர் வராமல் போனபோது பிள்ளையை வாரிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள்.

"யோவ்! இன்னாய்யா ஆஸ்பத்திரில வேல பண்ற நீ? ஊர் புள்ளைக்கெல்லாம் பாக்கிற, வூட்டுப் புள்ளைய பாக்க மாட்டியா?"

"நேத்தே இட்டாடின்னு சொன்னேன்ல? வைத்தியருதான் ஒசத்தின்னு நீதானம்மே சொன்ன!"

"சொன்னா? சொன்னா வுட்டுட்றதா?"

டாக்டர் பாண்டுரங்கன் பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டார். கிள்ளின தோல் கிள்ளினபடியே நின்றது.

"மருத்துவ சாஸ்திரம் என்ன சொல்கிறது என்றால்," என்றார், "உடம்பில் எழுபது பங்கு தண்ணீர். இவனிடம் அது இல்லை. சிறுநீர் எப்போது போனான்?"

"நேத்து சாய்ந்தரம் கொஞ்சூண்டு சார்."

"நரம்பு வழியாக சலைன் ஏற்ற வேண்டும். மறுபடியும் சிறுநீர் இறங்கினால் பிழைத்தான் என்று சொல்வேன். அது வரைக்கும் என்னிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது."

டாக்டரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது என்பது ஏசுதாஸுக்குப் புதிய செய்தி. அதிலிருந்தே நிலைமை மோசம் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

கையில் நரம்பு எல்லாம் ஒட்டிப்போயிருந்தது. தலையில் ஒன்று கிடைக்கும், கொஞ்சம் சிரைக்க வேண்டும் என்றாள் நர்ஸ் கனகா. அம்முலு பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"மாதாவுக்கு நேர்ந்த முடி. இன்னும் எறக்கல. கத்தி வெச்சா நடக்கறது வேற."

டாக்டர் அவளைக் கண்டிப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவரோ முகம் மலர்ந்தார். பட்டணத்துக்குப் போனபோது மெல்லிசான பாலிதீன் குழாய் ஒன்று வாங்கி வந்து, நாலு மாசமாகப் பெட்டியில் பூட்டி வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். இரும்பு ஊசி மாதிரி அது நரம்பைக் குத்திக் கிழிக்காது. பிள்ளை காலை உதைத்தாலும் பிடுங்கிக்கொள்ளாது. கணுக்கால் எலும்புக்கு முன்னால் தோலைக் கீறி, நரம்பைத் தூக்கி, அதற்குள் செருகிக் கட்டிவிட வேண்டியதுதான். இது வரைக்கும் செருகுவதற்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.

"கால்!" என்றார். "கத்தினால் என் கை தடுமாறும். குளோரல் மிக்சர் கொடுத்துத் தூங்க வையுங்கள். அரை மணியில் வருகிறேன்."

"வலி தெரியாதுன்னா தூக்க மருந்து எதுக்குங்க?" என்று ஒரு குரல் கேட்டது.

மூன்றாம் நம்பர் கட்டிலிலிருந்து ஆண்டாளம்மாள். அம்முலு வண்டல் சுமந்ததே இவள் நிலத்துக்குத்தான். கருவேல முள் ஏறி, கால் சீழ் பிடித்து, ஒரு வாரமாகக் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் நடக்கிற அத்தனைக்கும் அபிப்பிராயம் சொல்லிக்கொண்டு கிடந்தாள்.

"மருந்து வலிக்காக அல்ல, அம்மா. என் கையின் நிம்மதிக்காக."

"அப்ப நீங்களே குடிக்கிறதுதானே?"

டாக்டர் அதைக் காதில் வாங்காமல் போய்விட்டார்.

கனகா அவுன்ஸ் கிளாஸில் மருந்தை அளந்து அம்முலுவிடம் கொடுத்தாள். பாட்டிலில் இருந்ததே அவ்வளவுதான். "மெதுவா கொடு. அரை மணியில தூக்கம் வந்துடும். வேற எதுவும் வாயில வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, கத்தியும் குறடும் வேகிற ஸ்டவ்வைப் பார்க்கப் போனாள். ஏசுதாஸை சலைன் பாட்டில் மாட்டுகிற கம்பத்தை எடுத்துவர அனுப்பியிருந்தார்கள். கம்பத்தின் ஒரு கால் உடைந்திருந்தது. அதற்கு அவன் செங்கல் தேடிக்கொண்டிருந்தான்.

அம்முலு கிளாஸை முகர்ந்து பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். பிறகு இந்தப் பதினோரு மாசத்தில் என்ன செய்தாளோ அதையே செய்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள்.

"ஏண்டி," என்றாள் ஆண்டாளம்மாள், "எப்டிடி இருந்துச்சு மருந்து?"

"தெரிலமா. கசக்கல. நாக்குதான் சுட்டுச்சு. பத்தியம் எத்தினி நாளுன்னு கேக்க வுட்டுட்டேன்."

"மூணு நாளு இருந்துக்கோ. எந்த மருந்துக்கும் மூணு நாளுதான்" என்று ஆண்டாளம்மாள் தன் பொறுப்பில் சொல்லிவிட்டாள்.

டாக்டர் கையைக் கழுவி, உலர, இரண்டு கையையும் ஆசீர்வாதம் செய்வது போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தபோது, மருந்து நன்றாகவே வேலை செய்திருந்தது. அம்முலு சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். மடியில் காலி கிளாஸ். பக்கத்தில் பாயில் சின்னராசு முழுக் கண்ணையும் திறந்து, உத்தரத்துப் பல்லியைப் பார்த்து முனகிக்கொண்டிருந்தான்.

"சிஸ்டர்," என்றார் டாக்டர், கையை இறக்காமல். "நோயாளி யார்?"

கனகா அம்முலுவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை இந்தப் பக்கம் விழுந்தது. இன்னொரு தடவை உலுக்கினாள். அந்தப் பக்கம் விழுந்தது.

"நானே பாத்தேன்," என்றாள் ஆண்டாளம்மாள். "மடக்குனு குடிச்சா. பால் குடிக்கிற புள்ளைக்குத் தாய்தானே குடிக்கணும்? இது தெரியாம இன்னா டாக்டரு?"

"இது குழந்தைக்கு அளந்த அளவு! பெரியவள் இதற்கு இப்படித் தூங்க மாட்டாளே!"

"மருந்து தொட்டுத்தான் விட்டிருக்கு சார்," என்றாள் கனகா, நாடியைப் பார்த்தபடி. "ரெண்டு ராத்திரி தூக்கம் பாக்கியிருக்கு இவளுக்கு. அது தூங்குது." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு விதத்தில நல்லதுதான். இவ்வளவு வத்தின குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்கவே எனக்குப் பயமா இருந்தது" என்றாள்.

டாக்டருக்கும் அந்தப் பயம் இருந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட நேரத்தில் அவர் எப்போதும் சொல்கிறதைச் சொன்னார்.

"ஏசுதாஸ். புடி."

செங்கல்லோடு நின்றிருந்த ஏசுதாஸ் அதைக் கீழே வைத்தான். கையைக் கழுவினான். வந்து பாயில் மண்டியிட்டான். ஒரு கையைப் பிள்ளையின் முழங்காலில் வைத்தான். மறு கையைத் தோளுக்குக் கொண்டுபோனான். போகிற வழியில் சின்னராசு அதன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டான். பிடி என்று சொல்ல முடியாது, அவ்வளவு பலம் அதில் இல்லை. சும்மா சுற்றிக்கொண்டான். ராத்திரி தூங்குவதற்கு முன்னால் பிடித்துக்கொள்கிற அதே விரல்.

"புடிச்சாச்சா?"

ஏசுதாஸ் அந்த விரலையே பார்த்தான்.

"டேய், புடிச்சாச்சா?"

"இல்ல சார்."

"என்ன இல்லை?"

"ஆவல சார். கை வரல."

"பதினோரு வருஷமாக முந்நூறு பிள்ளையைப் பிடித்தவனுக்கு இன்றைக்குக் கை வரவில்லையா? ஒரு வயசு ஆகாத பிள்ளைக்கு வலி தெரியாது என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்?"

"சொன்னீங்க சார். நானும் அல்லாருக்கும் சொன்னேன்." ஏசுதாஸ் பிள்ளையின் முழங்காலிலிருந்து கையை எடுத்துவிட்டான். விரலை மட்டும் எடுக்கவில்லை. "இதுக்கு நரம்பு பயுத்துட்சி சார். நேத்து ராவே பயுத்துட்சி. நானே பாத்தேன்."



"என் பேரனுக்கு மட்டும் காயா இருந்துச்சாடா?" என்றாள் ஆண்டாளம்மாள். "போன மாசம் தொண்ட கட்டி ஊசி போட்டப்ப என் பேரன நீ புடிச்ச புடியில கை ரெண்டும் கன்னிப் போச்சு. 'நரம்பு பயுக்கலமா'ன்னு எங்கிட்டயே சொன்ன. நரம்பு இன்னா மாங்காயாடா, வைக்கோல்ல போட்டுப் பயுக்க வைக்கிறதுக்கு?"

"தப்புதாம்மா," என்றான் ஏசுதாஸ்.

அவன் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குப் போதுமான வசவைத் தயாராக வைத்திருந்தாள். அது வீணாய்ப் போன வருத்தத்தில் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"ஏந்தம்பி. என் காலு சீழ எடுக்கும்போது மரத்துப்போற ஊசி போட்டியே. அது என் காலுக்கு. அதுக்கு இருக்கறது காலு இல்லியா? பாத்தா காலாட்டம்தான் இருக்குது."

'தம்பி' என்று டாக்டர் பாண்டுரங்கனை யாரும் கூப்பிட்டதில்லை. அவர் திடுக்கிட்டு நின்ற அந்த இடைவெளியில் கனகா ஒரு சின்ன சிரிஞ்சைத் தட்டில் வைத்தாள்.

"நோவகெயின் ஏத்தி வெச்சிருக்கேன் சார். கால் சிசி. கீறுற இடத்தில மட்டும்."

"நான் சொல்லவில்லையே?"

"சொல்லப் போறீங்கன்னு ஏத்தினேன் சார்."

பிள்ளை முனகுவதை விட்டு, தாயின் பக்கம் முகத்தைத் திருப்பி, வாயைத் திறந்து திறந்து மூடியது. காய்ந்த உதடு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

"வாயில பால குடுங்கடா!" என்று ஆண்டாளம்மாள் கட்டிலிலிருந்தே கையை நீட்டினாள். "காது குத்தும்போது வாயில வெல்லம் வைக்கல? வாய் வேலையில இருந்தா வலி பாதிதான். ஊரு உலகத்துக்கே தெரியும்!"

"வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு வாயில் எதுவும்…"

"விடியலிலிருந்து வாந்தி இல்லையாம் சார்," என்றாள் கனகா. "பத்து நிமிஷம் சப்பினா ஒண்ணும் ஆகாது. ஆனா தாய்தான் உட்கார மாட்டாளே. விட்டா சரிஞ்சுடுவா. யாராவது பிடிச்சுக்கணும்."

எல்லாரும் ஏசுதாஸைப் பார்த்தார்கள்.

ஏசுதாஸ் எழுந்து, சுவருக்கும் பெண்சாதிக்கும் நடுவில் புகுந்து, கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்துகொண்டு, அவளைத் தன் நெஞ்சில் சாய்த்தான். இரண்டு கையையும் அவள் அக்குளுக்குக் கீழே கொடுத்து அணைத்துப் பிடித்தான். கல்யாணம் ஆன நாளாக நாலு பேர் பார்க்க அவன் அவள் கையைக்கூடத் தொட்டதில்லை. கனகா சேலைத் தலைப்பை இழுத்து மறைத்து, பிள்ளையைத் தூக்கி மார்பில் வைத்தாள். சின்னராசு இரண்டு தடவை தவறவிட்டுவிட்டு மூன்றாவதில் பிடித்துக்கொண்டான்.

"சார், உட்காருங்க," என்றாள் கனகா.

"எங்கே?"

"கால் இங்கேதானே சார் இருக்கு."

கால் தரையில் இருந்தது. டாக்டர் பாண்டுரங்கன் சர்வீஸில் சேர்ந்த நாளாகத் தரையில் உட்கார்ந்ததில்லை. கூண்டில் அடைபட்ட கொக்கு மாதிரி ஒரு தடவை சுற்றிவந்தார். பிறகு கால்சட்டையை முழங்காலில் பிடித்துத் தூக்கிக்கொண்டு, ஒரு காலை மடக்கினார். மற்றொன்று மடங்க மறுத்தது. மடிப்பு முறிகிற சத்தம் கேட்டது என்று ஆண்டாளம்மாள் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னாள்.

"கந்தூரி விருந்துக்கு வந்த சாயபு மாதிரி நல்லாத்தான் குந்திகினு கீறீங்க," என்று அவரைத் தேற்றினாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உட்கார்ந்த பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று சொல்லவில்லை. மரக்கிற ஊசி இறங்கியபோது சின்னராசு ஒரு தடவை காலை இழுத்தான். கனகா அதைக் கையில் ஏந்தியிருந்தாளே தவிர அழுத்தவில்லை. கண்ணை இறுக்கினான். மார்பைக் கடித்தான்.

"ஸ்… கடிக்காதடா கயிதே," என்றாள் அம்முலு, தூக்கத்திலேயே. பிறகு குறட்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

கத்தி தோலில் ஓடியபோது பிள்ளைக்குத் தெரியவில்லை. வாய் தன் பாட்டுக்கு வேலை செய்தது. ஏசுதாஸ் காலைப் பார்க்கவில்லை. பெண்சாதியின் தோளுக்கு மேலாக அந்தக் கன்னம் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் ஒரு வெள்ளை நூல் மாதிரி எதையோ குறடால் தூக்கினார். அது நழுவியது. மறுபடி தூக்கினார். அவர் மூக்கு நுனியில் ஒரு சொட்டு வியர்வை சேர்ந்து தொங்கியது. கனகா ஒன்றும் கேட்காமல் அதைத் துணியால் ஒற்றி எடுத்தாள். குழாய் உள்ளே போனது. இரண்டு முடிச்சு. செங்கல் முட்டுக்கொடுத்த கம்பத்தில் தொங்கிய பாட்டிலில் முதல் குமிழி மேலே ஏறியது.

"முடிந்தது," என்றார் டாக்டர், தனக்கே ஆச்சரியமாக.

"அயவே இல்லியே!" என்றாள் ஆண்டாளம்மாள்.

கனகா பிள்ளையின் காலைச் சின்னப் பலகையில் வைத்துக் கட்டினாள். "குழாய் நல்லா நிக்கற வரைக்கும் யாரும் அசையக் கூடாது. ஏசுதாஸ், நீயும்தான். நான் சொல்ற வரைக்கும் அசையாதே."

அசையாதே என்ற சொல்லைப் பதினோரு வருஷத்தில் ஏசுதாஸ் முந்நூறு தடவை சொல்லியிருக்கிறான். ஒரு தடவைகூட அது எத்தனை பெரிய சொல் என்று யோசித்ததில்லை.

கனகா எழுந்து வேறு நோயாளிகளைப் பார்க்கப் போனாள். பிறகு பிரசவ கேஸ் ஒன்று வந்தது. பிறகு அவளுக்கு ஏசுதாஸின் ஞாபகம் வரவில்லை. பாட்டிலில் குமிழி ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளை மார்பை விட்டுவிட்டுத் தாயின் மடியில் தூங்கிப்போனது. தாய் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்தாள். கொசு ஒன்று ஏசுதாஸின் மூக்கில் உட்கார்ந்து, அவன் நிலைமையைப் புரிந்துகொண்டு, அவசரமில்லாமல் குடித்துவிட்டுப் போனது. வெளியே ஏரியிலிருந்து வண்டல் வண்டிகள் கடகடவென்று போயின. முதலில் அவனுக்குக் கால் குடைந்தது. பிறகு எறும்பு ஊர்ந்தது. பிறகு இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் போயிற்று.

"வலிக்குதாடா?" என்று ஒரு தடவை கேட்டாள் ஆண்டாளம்மாள்.

"இல்லம்மா. மரத்துட்சி."

"ஊசி போடாமயேவா? உனக்குக் கொடுத்து வெச்சிருக்குது." கொஞ்ச நேரம் கழித்து, தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பங்கனப்பள்ளிப் பழத்தை எடுத்து, அவன் கைக்கு எட்டாது என்று கண்டு, தானே தோலைச் சீவி ஒரு துண்டைக் கத்தி முனையில் குத்தி அவன் வாய்ப்பக்கம் நீட்டினாள். ஒரு கூலிக்காரி புருஷனின் வாய் வரைக்கும் அவள் வீட்டார் யாருக்கும் அது வரைக்கும் கை நீண்டதில்லை. ஏசுதாஸ் கழுத்தை நீட்டி அதைக் கவ்விக்கொண்டான்.

வெயில் மேற்கு ஜன்னலுக்கு வந்துவிட்டது. இரண்டாவது பாட்டில் பாதிக்கு இறங்கியிருந்தது. டாக்டர் மூன்று தடவை வந்து, "இறங்கியதா?" என்று கேட்டுவிட்டு, "இல்லை" என்ற பதிலோடு போயிருந்தார். மூன்றாம் தடவை அவர் நடையில் அந்த விறைப்பு இல்லை. ஏசுதாஸ் அவர் முகத்தைப் பார்க்காமல் பாட்டிலையே பார்த்தான். சொட்டு விழுவதை எண்ண ஆரம்பித்து, நூற்றுக்கு மேலே போய், விட்டுவிட்டு, மறுபடி ஆரம்பித்தான். ஏற்றத்தில் சால் எண்ணுகிற மாதிரி. எத்தனை சால் இறைத்தால் வயல் நனையும் என்று அவனுக்குத் தெரியும். பிள்ளைக்கு எத்தனை என்று தெரியாது.

"டேய்," என்றாள் ஆண்டாளம்மாள் திடீரென்று. "தரையில எவண்டா தண்ணி ஊத்தனது?"

"தெரிலமா."

"குனிஞ்சு பாரு."

"அசையக் கூடாதுன்னு சொல்லிக்கிறாங்க."

"டேய் பைத்தியக்காரா! உன் தொடமேல இருந்துதான் வருது!"

ஏசுதாஸ் குனிந்தான். வேட்டி நனைந்து தொடையோடு ஒட்டியிருந்தது. தொடை மரத்துப் போனதில் சூடோ ஈரமோ ஒன்றும் அவனுக்கு உறைக்கவில்லை. சின்னராசுவிடமிருந்து கிளம்பி, தாயின் சேலை, தகப்பன் வேட்டி எல்லாவற்றையும் கடந்து, சிமென்ட் தரையில் ஒரு சின்ன வாய்க்கால் மூன்றாம் நம்பர் கட்டிலை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தது.

"சிஸ்டர்!" என்று அவன் போட்ட கத்தலில், ஆஸ்பத்திரியில் பிடிபட்ட எந்தப் பிள்ளையும் அப்படிக் கத்தியதில்லை. "டாக்டர் சார்! வந்துட்சி! வந்துட்சி சார்!"

டாக்டர் பாண்டுரங்கன் ஓடிவந்தார். ஓடிவந்த வேகத்தில் பாலிஷ் போட்ட இரண்டு பூட்ஸையும் வாய்க்காலிலேயே ஊன்றி நின்றார். குனிந்து பார்த்தார். பாலாற்றில் வெள்ளம் வந்ததைப் பார்க்கிறவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

"நல்ல அளவு," என்றார். "நல்ல… நல்ல அளவு." பிறகு, அவர் வாழ்க்கையில் சொன்ன மிகச் சின்ன வாக்கியத்தைச் சொன்னார். "பிழைத்தான்."

அந்தச் சத்தத்தில்தான் அம்முலு கண்ணைத் திறந்தாள். பிள்ளையின் காலைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். தன் விலாவைச் சுற்றியிருந்த இரண்டு கையைப் பார்த்தாள்.

"யோவ்! நாலு பேரு பாக்க இன்னாய்யா பண்ற? வுடு!"

"புள்ள ஒண்ணுக்குப் போய்ட்சிமே!"

"போனா? அதுக்கு என்ன ஏன் கட்டிகினு கீற?" பிறகு காலைக் கூர்ந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது. "கால கீறுனாங்களா? எங்கொயந்தய யாரு புடிச்சா? நீயா புடிச்ச?"

"இல்லமே. யாரும் புடிக்கல. நான் உன்னத்தான் புடிச்சேன்."

அவள் நம்பாமல் ஆண்டாளம்மாளைப் பார்த்தாள். "ஆமாண்டி," என்றாள் ஆண்டாளம்மாள். "சத்தியமா. புள்ள அயல. நீதான் தூக்கத்துல கத்துன."

ஏசுதாஸ் எழுந்திருக்கப் பார்த்தான். கால் இல்லாதவன் போல அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். அவனை இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது.

மருந்து குடித்ததால்தான் பிள்ளை பிழைத்தது என்பதில் அம்முலுவுக்குச் சந்தேகமே இல்லை. மூன்று நாள் கருவாட்டைத் தொடவில்லை. கனகா எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். ஊரில் ஒருவரும் அம்முலுவின் கட்சியை விட்டு வெளியே வரவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், டாக்டர் பாண்டுரங்கனும் வரவில்லை. ஜில்லா மெடிக்கல் ஆபீசருக்கு மூன்று பக்கம் அறிக்கை எழுதினார்: தாய்க்கு மயக்க மருந்து கொடுத்து, தாய்ப்பாலின் வழியாகக் குழந்தையை அமைதிப்படுத்துவது என்ற ஒரு நூதன முறையைத் தாம் திட்டமிட்டுக் கையாண்டதாக.

"அவ்வளவு சீக்கிரம் பாலுக்கு மருந்து வந்திருக்காது சார்," என்றாள் கனகா.

"சிஸ்டர், சாஸ்திரத்தில் குறுக்கே பேசாதீர்கள்."

தரையில் உட்கார்ந்ததைப் பற்றி அறிக்கையில் ஒரு வரியும் இல்லை. 'மெச்சத்தக்கது' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அதை டாக்டர் கண்ணாடி போட்டு மாட்டினார்.

ஆனி பிறந்த வாரத்தில் மாகறலிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஒருத்தி வந்தாள். செல்லாயி என்று பெயர். ஒன்பது மாசப் பெண் குழந்தை, அதே வாந்தி, அதே பள்ளம் விழுந்த உச்சி. ஏசுதாஸ் வாசலில் அவளைப் பார்த்ததும், வழக்கப்படி சொல்ல வந்த வாக்கியத்தை விழுங்கிக்கொண்டான்.

"வலிக்கும்மா," என்றான். "கொஞ்சம் வலிக்கும். மரக்கற ஊசி கீது. நீ கூடவே குந்திக்கோ."

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "நீதானே புடி ஏசுதாசு?"

"ஆமா."

"உன்னப் பத்தி வேற மாதிரி இல்ல சொன்னாங்க?"

கனகா மருந்தை அளந்து கையில் கொடுத்துவிட்டு, இந்தத் தடவை பக்கத்திலேயே நின்றாள். நின்று என்ன? ஸ்டவ்வில் தண்ணீர் பொங்கியது. ஒரு நொடி தலையைத் திருப்பினாள். திரும்பியபோது கிளாஸ் காலி.

டாக்டர் கையை உயர்த்திக்கொண்டு உள்ளே வந்தார். "குழந்தை தூங்கவில்லையே. மருந்து யார் குடித்தது?"

"நாந்தாங்க," என்றாள் செல்லாயி, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே. "இங்க அதாங்களே மொற?"

டாக்டர் வாயைத் திறந்தார். எதிர்ச் சுவரில் அவருடைய நூதன முறைக்கு ஜில்லாவிலிருந்து வந்த பாராட்டு, கண்ணாடிக்குப் பின்னால் பளபளத்தது. வாயை மூடிக்கொண்டார்.

ஏசுதாஸ் பாயை உதறி விரித்தான். செல்லாயியோடு வந்த அவள் அக்காவைச் சுவர் பக்கம் உட்கார வைத்து, கொட்டாவி விட ஆரம்பித்திருந்த செல்லாயியை அவள் மேல் சாயச் சொன்னான். குழந்தையைக் கனகாவிடம் கொடுத்து மார்பில் வைக்கச் செய்தான். எல்லாம் ஆன பிறகு, தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

டாக்டர் பாண்டுரங்கன் பாயைப் பார்த்தார். கால்சட்டை மடிப்பைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு, அதை முழங்காலில் பிடித்துத் தூக்கிக்கொண்டு, உட்கார்ந்தார்.